ஹவுன்ஸ்லோக் கடைக்காரர்

2009இல், கடைகளுக்குக் கல்லா மெஷின் விற்கும் ஒரு சிறிய லண்டன் நிறுவனத்தில் எனக்கு முதல் வேலை. எங்கள் குடும்பத்தில் படித்து ஒபிஸுக்குப் போன முதல் ஆள் நான். அப்பா விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்தார்.

அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. கிளினிக்கில் டொக்டர் சொல்வதைத் தமிழில் சொல்ல நான் கூடப் போகவேண்டும். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அடிக்கடி லீவு கேட்கக் கூச்சம். அப்பாவுக்கு ஆங்கிலம் வராது என்று சொல்ல அதைவிடக் கூச்சம். அதனால் கிளினிக் நாட்களில் என் கணினி நாட்காட்டியில் அப்பாவின் பெயரையும் நம்பரையும் போட்டு, ‘வாடிக்கையாளர் சந்திப்பு’ என்று எழுதிவிடுவேன். எங்கள் வழக்கப்படி அப்பாவின் பெயர்தான் என் பெயரின் பின்பாதி. ஒபிஸில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு, எல்லோருடைய நாட்காட்டியையும் வாடிக்கையாளர் விபரம் வைக்கும் மென்பொருளோடு இணைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கணினி படித்தவன் அல்லவா, பெருமையோடு செய்தேன். யாரைச் சந்தித்தாலும் அவரை அது வாடிக்கையாளராகப் பதிந்து எல்லோருக்கும் காட்டும். என் நாட்காட்டியில் கிடந்ததை மட்டும் மறந்துபோனேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் வெள்ளைக்கார மேலாளர் திரையில் அப்பாவின் பெயரைக் காட்டினார்.

“இவரை இத்தனை தடவை பார்த்திருக்கிறாய். ஒரு மெஷின்கூட விற்கவில்லையே?”

“ஹவுன்ஸ்லோவில் கடை வைத்திருக்கிறார். யோசிக்கிறார்.”

மேலாளர் எங்களோடு வேலை செய்த மலேசியத் தமிழ் அக்காவிடம், “நீ பேசிப்பார்,” என்றார். கூட்டம் முடிந்து நான் அக்காவின் மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் போனைக் காதில் வைத்துவிட்டார்.

“வணக்கம் அங்கிள், மெஷின் விஷயமா... உங்க கடை எந்தப் பக்கம்?”

அதன்பிறகு அந்தப் பக்கம் சொல்வதை அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் போனைக் கையால் பொத்தினார்.

“தம்பி, இது உங்க அப்பா லா. கடையெல்லாம் இல்லையாம். உனக்கு வேலையில ஏதும் பிரச்சினையானு கேக்கிறாரு. மகனுக்கு நல்லதுன்னா மெஷினை வாங்கிக்கிறாராம்.”

காது இரண்டும் சுட்டன. போனை வாங்கினேன்.

“தம்பி, நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். ஒண்டு காணுமோ, ரெண்டு எடுக்கவோ?”

“ஒண்டும் வேண்டாம் அப்பா. வையுங்கோ.”

நேரே மேலாளரிடம் போய், அவர் என் அப்பா, கடைக்காரர் இல்லை, கிளினிக்குக் கூட்டிப் போனேன் என்றேன்.

“அப்படியானால் உன் அப்பா என்ன செய்கிறார்?”

“விமான நிலையத்தில் வேலை,” என்றேன். என்ன வேலை என்று அப்போதும் சொல்லவில்லை.