வெறுங்கை

பதுளையில் நான் போன் பேச, ஈமெயில் பார்க்க ஒரு கொமியுனிகேஷன் கடை வைத்திருந்தபோது, ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார். காதுவரை இழுத்த கம்பளித் தொப்பி. கையில் எனக்கென்று ஒரு போத்தல் பால்.

அவர் மகனுக்கு நான் தொடங்கிக் கொடுத்த ஈமெயிலுக்கு, வெளிநாட்டில் வேலை கிடைத்திருப்பதாகவும் விசாவுக்குக் காசு அனுப்பும்படியும் கடிதம் வந்தது. அதிலே ஏகப்பட்ட பிழை. வெள்ளைக்காரன் அவசரத்தில் எழுதியிருப்பான் என்று நினைத்து, "நம்பி விசா காசை அனுப்புங்க" என்றேன். மாட்டை விற்று அனுப்பினார். பிறகு பதிலே இல்லை.

ஒருநாள் வந்தார். திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன்.

"வெறுங்கையோட வந்துட்டேன், கோவிச்சுக்காதீங்க தம்பி. பதில் வந்திருக்கான்னு பாருங்களேன்."

ஏமாந்துவிட்டோம் என்று எனக்கு எப்போதோ புரிந்திருந்தது. கம்ப்யூட்டரைத் திறந்து, தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.