மல்லிகைக்கு லீவு கிடையாது

எனக்கும் அண்ணனுக்கும் ஒரே சமயத்தில்தான் இமயமலைக் கிறுக்குப் பிடித்தது. ஆனால் அப்பா போனபின், நிலக்கோட்டைப் பக்கமிருந்த மல்லிகைத் தோட்டத்தை ஒருவராவது பார்க்க வேண்டியிருந்தது.

"மொதல்ல நான் போயிட்டு ஒரு வருஷத்துல வாரேன். அப்பறம் நீ போ" என்றான் அண்ணன். போனவன் கப்பல் வேலையில் சேர்ந்து, தலை நரைத்து, போன சித்திரையில்தான் திரும்பினான். அதற்குள் நான் பயண நூல்களாக வாங்கி அடுக்கி, அலமாரி அளவுக்கு உலகம் சுற்றியிருந்தேன்.

வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில், கறிப்பந்தியில், ஊரே கேட்கச் சொன்னான்: "நீ குடுத்து வச்சவன்டா. மண்ணு, பூவு, நிம்மதி. நாந்தான் நாயா அலைஞ்சேன்."

"அப்ப அந்த நிம்மதிய கொஞ்ச நாள் நீ வச்சுக்கண்ணே."

பந்தியே பார்த்தது. "அதுக்கென்ன, குடு" என்றான்.

மல்லிகையை மொட்டாக, வெயில் ஏறுமுன் எடுத்தாக வேண்டும். விரிந்தால் வாங்க ஆளில்லை. தீபாவளியானாலும் எடுக்க வேண்டும். அம்மாவைத் தூக்கிய அன்றும் எடுத்தேன். அண்ணன் அப்போது ஏதோ துறைமுகத்தில் இருந்தான். இதையெல்லாம் அவனுக்கு நான் நினைவூட்டவில்லை. பூ எடுக்கும் பெண்கள் திருவிழாவுக்கு லீவு கேட்டார்கள். தாராளமாகக் கொடுத்தேன்.

"நீங்களும் ஊருக்குப் போறீக, நாங்களும் வரல. பூவ யாருண்ணே எடுப்பா?" என்றாள் ஒருத்தி.

"கடல் கடந்தவரு எடுப்பாரு."

"அவுகளுக்கு இடுப்பு வளையுமா?"

"அதத்தான் பாக்கணும் தாயி."

அன்றே திண்டுக்கல்லில் டெல்லி ரயிலைப் பிடித்தேன். அப்பர் பெர்த். அதில் ஏறி முடித்தபோதே பாதி இமயமலை ஏறிய களைப்பு.

மறுநாள் காலை ஃபோன். "ஏலே, நாலு வரிசைகூட முடிக்கல, அதுக்குள்ள எல்லாம் விரிஞ்சு கெடக்குடா!"

"போட்டோ எடுத்து அனுப்புண்ணே. அழகா இருக்கும்."

"இடுப்பு போச்சுடா!"

"மொதல்ல அப்படித்தான். இருவது வருஷத்துல பழகிரும்."

விரிந்து கிடந்தது என் பூவும்தான். வயிறு எரியத்தான் செய்தது. ஆனாலும் அன்று ரயில் இட்லி ருசித்தது.

இப்போது மணாலியில், குரங்குக் குல்லாவோடு உட்கார்ந்திருக்கிறேன். மலையேற முட்டி சம்மதிக்கவில்லை; கீழேயிருந்தே அண்ணாந்து பார்க்கிறேன். பெண்கள் வேலைக்குத் திரும்பிவிட்டதால் தோட்டம் பிழைத்தது. அண்ணன் பிழைத்தானா என்பது வேறு விஷயம். விடியுமுன் ஃபோன் போட்டு எழுப்பி, எப்ப வாரே, எப்ப வாரே என்கிறான். இங்கே ஒரே பனி, பாதையெல்லாம் அடைபட்டுக் கிடக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

காலையில் துவைத்துப் போட்ட வேட்டி, பத்து மணிக்கெல்லாம் மொறமொறவென்று காய்ந்துவிட்டது.