மூன்றாவது மலையில் கேட்ட மூச்சு

மாதம் ஒரு மலை, ஆறு மாதத்தில் ஆறு மலை என்று நண்பர்கள் நாலு பேரும் வீம்பாகக் கிளம்பியிருந்தோம். மூன்றாவது மலையின் பாதியில் பள்ளுருத்திக்காரன் செல்வம் பாறையில் உட்கார்ந்துவிட்டான். இன்ஹேலரை இரண்டு தடவை இழுத்தும் நெஞ்சுக்குள் மூச்சின் விசில் நிற்கவில்லை.

அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். கொச்சி மட்டாஞ்சேரியில் அம்மா சுக்கு குடோனில் புடைக்கும் வேலை பார்த்தாள். சாயங்காலம் வரும்போது புருவம்கூடச் சுக்குக்குப் பூசும் சுண்ணாம்புத் தூளில் வெளுத்திருக்கும், சேலையெல்லாம் சுக்கு நெடி. ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பாள். நான் முதுகைத் தடவுவேன். சத்தம் குறையாது. அப்பா பால் விடாத கட்டஞ்சாயாவை ஆற்றிக்கொண்டே நிற்பார். அவருக்கும் வேறு எதுவும் தெரியாது.

“ஒண்ணுமில்லடா. நீ போய் விளையாடு” என்பாள், வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி.

போய்விடுவேன். அவள் சொன்னதை நம்பி அல்ல. அந்தச் சத்தம் கேட்காத இடம் தேடி, படகுத்துறை வரைக்கும் ஓடுவேன்.

முன்னால் போன இருவரும் மேலிருந்து கத்தினார்கள். “எடா, இனி கொஞ்சம்தான், வாங்கடா!”

செல்வம் என் கையைத் தள்ளினான். “ஒண்ணுமில்லடா... நீ கேறிக்கோ... நான் மெல்ல வரேன்.”

ஏறினேன். பத்தடியில் விசில் கேட்காமல் போனது. படகுத்துறையில் வரும் அதே நிம்மதி வந்தது. அதற்குப் பயந்துதான் திரும்பி இறங்கினேன். அவன் முதுகைத் தடவினேன். சத்தம் குறையவில்லை. தடவிக்கொண்டே இருந்தேன்.