நாளைக்குத் தண்ணி எத்தனை மணிக்கு

நெமிலிச்சேரியில் காலை ரயிலின் மகளிர் பெட்டியில் ஓர் அக்கா ஏறுவார். மூக்கில் சரியும் கண்ணாடி, கழுத்தில் அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனியின் அடையாள அட்டை, மடியில் பழைய லேப்டாப். நிரலில் ஒரு வரி மாற்றினாலும் உடனே தன் விரிசல் விழுந்த போனில் திறந்து பார்ப்பார். அதில் சரியாகத் தெரிந்தால்தான் அடுத்த வரி.

ஒருநாள் எட்டிப் பார்த்தேன். தன் தெருவுக்குத் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்லும் வெப்சைட். வெறும் எச்டிஎம்எல், வெப்சைட் எழுதுவதில் பாலபாடம். நானும் வெப் டெவலப்பர் என்ற திமிரில் வாய் சும்மா இருக்கவில்லை.

"இப்பல்லாம் யாரும் இப்படி எழுதறதில்லக்கா. ரியாக்ட் மாதிரி புது டூல் கத்துக்கங்க."

"யாரும்னா யாரு? எங்க தெருவே இதத்தான் பாத்துகினு கீது. நீ சொந்தமா இன்னா பண்ணிக்கீற?"

"இன்னும் ஒண்ணுமில்லக்கா. ரியாக்ட்டா, வியூவா, ஸ்வெல்ட்டா, எதுல ஆரம்பிக்கலாம்னு பாத்துட்டிருக்கேன்."

"எம்மா நாளா?"

"ஒரு வருஷமா."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"சிக்னல் ஒரு கோடுதான் கீது. தொறந்துச்சா இல்லியா?"

திறந்திருந்தது. வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து.

"எனுக்கு இது போதும். பத்தலன்னா அன்னிக்கு வேற கத்துக்கறேன். நீ சொல்றன்னு இல்ல."

பிறகு நான் வேலை மாறினேன்; அந்த ரயிலில் போவதும் நின்றுபோயிற்று. எதில் ஆரம்பிக்கலாம் என்ற என் பட்டியலில் அந்த மூன்று பெயர்களோடு நான்காவதும் சேர்ந்திருக்கிறது. அந்தத் தெருவில் எனக்கு யாருமில்லை. ஆனாலும் அவர் வெப்சைட்டை அவ்வப்போது திறந்து பார்க்கிறேன்.

நாளைக்குத் தண்ணி ஆறரைக்காம்.