கடைசி பெஞ்சில் தேயிலை முதலாளி

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அமெரிக்க வரலாறு சொல்லித்தருவதில் உயிர்ப்பயம் இருக்கிறது என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். சிரிப்பது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும். அதனால்தான் மட்டாஞ்சேரியில் இது எனக்கு மூன்றாவது பள்ளிக்கூடம். முதல் இரண்டிலும் நான் வகுப்பில் அடித்த ஜோக்குகள் என்னைவிட வேகமாக ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குப் போய்ச் சேர்ந்தன.

இங்கே எனக்குத் தற்காலிக வேலை. பள்ளியின் மேனேஜர் ஒரு நாள் வகுப்பில் வந்து உட்கார்ந்து கேட்பார். பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் வீட்டில் உட்கார்ந்து மனைவிக்கு ஜோக் சொல்லலாம். அவள் ஏற்கெனவே எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டாள்.

மேனேஜருக்குக் கொச்சங்காடியில் தேயிலை குடோன், மகன் அமெரிக்காவில். ஒரு முறை மகனைப் பார்க்கப் போனவர், திரும்பும்போது பேரனின் சரித்திரப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்துவிட்டார். நம் பிள்ளைகளும் இதைப் படிக்கட்டும் என்று வாரத்துக்கு ஒரு பீரியடும் ஒதுக்கினார். சமூக அறிவியல் வாத்தியார் நான்தான் என்பதால் அது என் தலையில் விழுந்தது. பிள்ளைகளைவிட நான் ஒரே ஒரு பாடம் முன்னால் இருந்தேன். அந்தப் பாடத்தையும் முந்தின சாயங்காலம்தான் படித்திருப்பேன்.

மேனேஜர் வரும் நாள் தெரிந்ததும் அன்றைக்கு என்ன பாடம் என்று புரட்டிப் பார்த்தேன். பாஸ்டன் துறைமுகம். கடல் தாண்டி இருந்த ராஜாவின் சர்க்கார் தங்களை ஒரு வார்த்தை கேட்காமல் வரி போட்ட கோபத்தில் ஜனங்கள் கப்பலில் ஏறி, கம்பெனியின் தேயிலைப் பெட்டிகளையெல்லாம் உடைத்துக் கடலில் கொட்டுகிறார்கள்.

வேறு ஊரில் இது வெறும் பாடம். அந்தச் சமயத்தில் மட்டாஞ்சேரியில் இது வம்பு. மேனேஜர் தன் குடோனில், சுமட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், மூட்டை ஏற்றும் பெல்ட் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். மூட்டை சுமப்பவர்களான அவர்கள் வேலையை நிறுத்திவிட்டு, குடோன் வாசலில் கொடி நட்டுப் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். என் வகுப்பில் பாதிப் பேருக்கு அப்பாவோ மாமாவோ அந்தப் பந்தலில் இருந்தார். பந்தலுக்குத் தலைமை தாங்கியவரின் மகள் முதல் பெஞ்சில், என் மூக்குக்கு நேரே.

எனக்குச் சோறு இறங்கவில்லை. தேயிலைக்குப் பதில் மிளகு என்று சொல்லிவிட்டால்? அவர் மிளகும் விற்கிறார். ஏலக்காய்? அதுவும். பொத்தாம்பொதுவாகச் சரக்கு என்று சொல்லிவிடலாம் என்றால், முதல் பெஞ்சுக்காரி 'என்ன சரக்கு சாரே' என்று கேட்காமல் விடமாட்டாள். மனைவி லீவு போடச் சொன்னாள். "வயித்துவலின்னு சொல்லுங்க. பொய்கூட இல்லையே."

லீவு போட்டால் மேனேஜர் இன்னொரு நாள் வருவார், பயமும் கூடவே வரும். போவதென்றே முடிவு செய்தேன். முந்தின நாள் சாயங்காலம் சாமான் வாங்கிக்கொண்டு குடோன் வழியாக வீட்டுக்கு நடந்தேன். பந்தலைக் குனிந்த தலையோடு தாண்டப் பார்த்தபோது அந்தப் பெண்ணின் அப்பா கூப்பிட்டுவிட்டார்.

"மாஷே, நாளைக்கு நம்ம விஷயம்தான் பாடமாமே. மோள் சொன்னா."

இது அமெரிக்கா சேட்டா, ரொம்பப் பழைய காலம் என்று ஏதோ உளறினேன்.

"எந்த ஊரானா என்ன. நல்லா எடுக்கணும் கேட்டோ."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பந்தலில் இருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். ஊரையே சிரிக்கவைக்கப் பார்ப்பவன் நான். அன்றைக்கு என்னால் மட்டும் சிரிக்க முடியவில்லை.

மறுநாள் மேனேஜர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால் டெஸ்கில் இடித்தது. எனக்கு ஒரு திட்டம் இருந்தது. காகிதத்துக்கு வரி, கண்ணாடிக்கு வரி, பெயிண்டுக்கு வரி என்று இழுத்து இழுத்துப் பேசுவது. தேயிலை வருவதற்குள் மணி அடித்துவிடும். இழுத்தேன். கண்ணாடியைப் பற்றி எனக்குத் தெரியாததையெல்லாம் சொன்னேன். அப்புறம் கரும்பலகையில் கப்பல் வரைந்தேன். பாய்மரம் வரைந்தேன். பாய்மரத்துக்குக் கயிறு, கயிற்றுக்குக் கயிறு. உலகத்தில் எந்தக் கப்பலுக்கும் அத்தனை கயிறு இருந்திருக்காது.

முதல் பெஞ்சில் கை உயர்ந்தது. "சாரே, கப்பலுக்குள்ள என்ன இருக்கு?"

தேயிலை என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் வகுப்புக்குக் கேட்டுவிட்டது. எல்லாத் தலைகளும் ஒன்றாகக் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தன. மேனேஜர் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. பெட்டிகளை உடைத்ததை, கடலில் கொட்டியதை, தண்ணீர் கறுத்துப்போனதைச் சொன்னேன். கையில் சாக்பீஸ் ஒடிந்தது. மேனேஜரைக் கொஞ்சம் ஆற்றலாமே என்று, அவர்கள் ரொம்ப மரியாதையான ஆட்கள், தேயிலையைத் தவிர வேறு எதையும் தொடவில்லை, போகும்போது கப்பலின் தளத்தைப் பெருக்கிவிட்டுப் போனார்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

அவள் எழுந்து நின்றாள். இந்த முறை கையைத் தூக்கவில்லை.

"அப்போ அவங்களுக்குத் தேயிலை மேல கோபம், தேஷ்யம் ஒண்ணும் இல்ல. அவங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, பெட்டி கடலுக்குப் போயிருக்காது. இல்லையா சாரே?"

அதில் கேலி இல்லை. பந்தலில் அப்பாவைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இல்லை என்று பதில் சொன்னால் வேலை இருக்கும், நாளை முதல் இவள் முகத்தைப் பார்க்க முடியாது. ஆமாம் என்றால் முகத்தைப் பார்க்கலாம், வகுப்புதான் இருக்காது. ஒரு ஜோக் சொல்லித் தப்பிக்கலாமா என்றுகூடத் தேடினேன். வாழ்நாளில் முதல் தடவையாக ஒன்றும் அகப்படவில்லை.

"போயிருக்காது மோளே" என்றேன்.

மணி அடித்தது. மேனேஜர் எழுந்து போனார்.

சாப்பாட்டு நேரத்தில் டிபனைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன். பியூன் வந்து மேனேஜர் கூப்பிடுவதாகச் சொன்னபோது, மேஜையில் என் சாமான்கள் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டேன். ஒரு குடை, ஒரு பேனா. சுமப்பதற்கு யாரையும் கூப்பிட வேண்டாம்.

மேனேஜருக்கு முன்னால் சாயா ஆறிக்கொண்டிருந்தது. உட்காரச் சொல்லவில்லை. அடுத்த வாரம் என்ன பாடம் என்று கேட்டார்.

"யுத்தம், சார்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் எப்படி விழும் என்று உறைத்தது. அவர் கிளாஸை மேஜைமேல் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அதுக்கு முன்னாடி பேச்சுவார்த்தை ஒண்ணும் நடக்கலையா?"

"மனு அனுப்பினாங்க, சார். ராஜா பதிலே சொல்லலை."

"பதிலே சொல்லலையா?"

"இல்லை, சார்."

வெளியே பிள்ளைகள் குழாயடியில் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் ஆறிய சாயாவை ஒரே மடக்கில் குடித்தார்.

"மாஷ் அடுத்த வாரம் அந்த மனுவை எடுத்தா மதி, அது போதும். யுத்தம் பின்னாடி பார்க்கலாம்."

வேலை நிரந்தரமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எனக்கு ஒரு அடுத்த வாரம் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. வராந்தாவில் நின்று, ஆறிப்போன மீன்குழம்புச் சோற்றை முழுவதும் சாப்பிட்டேன்.

பந்தலைப் பிரித்தது என் பாடத்தால்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். லேபர் ஆபீஸில் இரண்டு தரப்பும் உட்கார்ந்து, கத்தி, சாயா குடித்து, மறுபடி கத்தி, கடைசியில் ஒத்துப்போனார்கள். எனக்கும் வேலை நிரந்தரம் என்று ஆர்டர் வந்தது. ஆனால் ஒவ்வொரு வருஷமும் அந்தப் பாடம் வரும்போது மேனேஜர் சொல்லாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார். முதல் பெஞ்சில் வருஷா வருஷம் புதிதாக ஒரு கை உயரக் காத்திருக்கிறது. நான் கப்பலுக்கு இன்னும் கொஞ்சம் கயிறு போடுகிறேன்.