மூன்றடி தூரத்தில் ஒரு புள்ளி

இந்தத் தொழிலுக்கு நான் வந்த கதையை நானே பல வருடங்களாக நம்புவதில்லை.

கடையில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும், புது டெப்லெட், எங்கள் வாயில் டெப், விற்பது லேசு. அதன் திரையில் பழுதில்லை என்று வாங்குபவரை நம்பவைப்பதுதான் பாடு. வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று திரையை மாற்றி மாற்றி ஓடவிட்டு, நிறம் மாறாமல் எங்காவது ஒரு புள்ளி செத்துக் கிடக்கிறதா என்று தேடுவது என் வேலை. டெட் பிக்சல் என்பார்கள். கண்டியில் எங்கள் கடையில் அது வெறும் புள்ளி.

துணிக்கடை வேலை போன பிறகு, என் போனின் ஸ்பீக்கரைத் திருத்தக் கொடுக்க இங்கே வந்தேன். அப்போது மூன்றடி தள்ளி நின்று, கண்ணாடிகூடப் போடாமல், மேசையில் இருந்த டெப்பில் புள்ளி இருக்கிறதென்று சொன்னேனாம். எல்லோரிடமும் இதைச் சொல்பவர் முதலாளி நாஸிம் ஹாஜியார். எனக்கு ஸ்பீக்கர் ஞாபகம் இருக்கிறது. புள்ளி ஞாபகம் இல்லை. ஆனால் அந்தக் கதையின் மேல்தான் நான் உட்கார்ந்து வேலைபார்க்கும் கதிரை நிற்கிறது. இந்த வயதில் வேறு கதிரை யார் தரப்போகிறார்கள்?

சீல் உடையக்கூடாது

கடுகண்ணாவையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும், எல்லோரும் நானா என்று அழைக்கும் பெரியவர் ஒருவர் மருமகனுக்குப் பரிசாக டெப் வாங்க வந்தார். பெட்டியின் சீல் உடையக்கூடாது. ஆனால் திரையில் புள்ளியும் இருக்கக்கூடாது. பெட்டியைத் திறக்காமல் திரையைப் பார்க்க முடியாது என்று பணிவாக விளக்கினேன். தாடியைத் தடவி யோசித்தார்.

“அப்ப வேற ஒண்ட ஒடச்சிப் பாருங்க. அது நல்லமா ஈந்தா, இதத் தாங்க.”

கறுப்புப் பொட்டு

புசல்லாவை அக்கா ஒருவர் மகளுக்காக வாங்கிய டெப்பில், மேல் மூலையில் புள்ளியை நானே கண்டேன். வேறொன்று எடுக்கத் திரும்பியபோது தடுத்துவிட்டார். “இருக்கட்டுங்க. கண்ணு படாம அதுவே பொட்டு வச்சுக்கிட்டு வந்திருக்கு.”

மனம் கேட்கவில்லை. இது துடைத்தாலும் போகாது, கடைசிவரை இருக்கும் என்று மறுபடியும் சொன்னேன்.

“போகாட்டி இருக்கட்டுங்க. அதுக்கு எவ்வளவு கொறைப்பீங்க?”

தவறிய புள்ளி

பேராதனையில் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து மிஸ் ஒருவர் போன வாரம் டெப்பைத் திருப்பிக் கொண்டுவந்தார். வெள்ளைத் திரையின் கீழ் ஓரத்தில் கறுப்பாக ஒரு புள்ளி. நான் பார்த்து ‘நல்லது’ என்று கொடுத்த டெப்.

“வடிவாப் பாத்தனீங்களோ?” என்று என்னைக் கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் ஹாஜியார் மூன்றடிக் கதையை ஆரம்பித்துவிட்டார். மிஸ் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு டெப்பை மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டு, என்னை மூன்றடி தள்ளி நிற்கச் சொன்னார். “இப்ப காட்டுங்கோ பாப்பம்.”

வெறும் வெள்ளைதான் தெரிந்தது. ஆனால் புள்ளி இருக்கும் இடம் எனக்கு ஏற்கெனவே தெரியுமே! விரலை நீட்டினால் கதை பிழைக்கும், கதிரையும் பிழைக்கும். ஹாஜியார் கண்ணாலேயே ‘நீட்டு’ என்றார்.

“தெரியல்ல மிஸ்,” என்றேன்.

அவர் என் பக்கத்தில் வந்து நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“எனக்கும் தெரியேல்ல. இஞ்ச நிண்டா ஆருக்கும் தெரியாது ஹாஜியார். வேற ஒண்டு தாங்கோ, அதையும் இவரே பாக்கட்டும். கிட்ட வச்சு.”

நான்கடி

மிஸ் படியிறங்கியதும் ஹாஜியார் எனக்கும் சேர்த்துப் பால் விடாத பிளேன்டீ வரச்சொன்னார். அது வருவதற்குள் அடுத்த வாடிக்கையாளர் வந்துவிட்டார். ஹாஜியார் அவரை உட்காரவைத்து, என் தோளில் கைபோட்டு, அதே கதையைத் தொடங்கினார். இந்த முறை நான்கடி.

அந்த வாடிக்கையாளர் போகும்வரை பொறுத்திருந்து, இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன்:

“ஹாஜியார், எனக்கு ஒரு வேலை குடுக்கணும்னு நெனச்சீங்க, குடுத்தீங்க. அதுக்கு எதுக்கு ஒரு புள்ளி?”