புண்ணியம் தின்ற மாடு

பம்பாய்ச் செம்பூரில் தண்டவாளத்தை ஒட்டி எங்கள் சித்தப்பாவுக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அக்கம்பக்கத்தார் மரியாதைக்கு அதைத் தபேலா, அதாவது மாட்டுப் பண்ணை, என்பார்கள். தபேலா என்றால் வரிசையாக எருமைகள் நிற்க வேண்டும். எங்களுடையதில் நின்றது ஒரே ஒரு புலிக்குளத்துப் பசு. லாரி ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பா, ஊர்ப்பக்கம் போன ஒரு நடையில் கன்றுக்குட்டியாக ஏற்றி வந்தது. இந்த இனத்துக்குப் பம்பாயிலும் ஒரு வித்து ஊன்றிவிட வேண்டும் என்று அவருக்குக் கிறுக்கு. மழைக்காலத்தில் பக்கத்துத் தபேலா எருமைகள் குளம்பு அழுகி நொண்டும். இதுவோ சேற்றில் நின்றபடி காய்ந்த சோளத்தட்டையைக் கடித்துக்கொண்டிருக்கும்.

"பட்டினியைக் கரைச்சுக் குடிச்ச சாதி வே இது. கல்லைப் போட்டாலும் செரிக்கும்" என்பார், கேட்டவரிடமும் கேட்காதவரிடமும். நாட்டுக்காளைச் சினை ஊசிக்கு அவர் அலையாத இடமில்லை. கடைசியில் ஒருவழியாகச் சினை நின்றது.

பகலில் சித்தி அதைக் கோயில் வாசலில் கட்டிப்போட்டு, பக்கத்தில் புல்கட்டுகளோடு உட்காருவாள். வருகிறவர்கள் காசு கொடுத்து ஒரு கட்டு வாங்கி மாட்டுக்கு நீட்டி, தொட்டுக் கும்பிட்டுப் போவார்கள். புல்லும் எங்களுடையது, மாடும் எங்களுடையது, புண்ணியம் மட்டும் அவர்களுக்கு.

மகாளய அமாவாசை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. நானும் போயிருந்தேன். அன்றைக்கு யாரும் புல் வாங்கவில்லை. செத்துப்போனவர்களுக்குப் படைத்ததையெல்லாம் வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிட்டார்கள். சோறு, வடை, பாயசம், எள்ளுருண்டை. தட்டையையும் புல்லையும் தவிர வேறு ருசி அறியாத மாடு, மூக்கு முட்டத் தின்றது. சித்தி முதலில் சிரித்தாள். பிறகு, "போதும்யா, வாயில்லாச் சீவன்" என்று சொல்லிப் பார்த்தாள். "குடுக்கிற கையைத் தடுக்காதம்மா" என்று ஒருவர் அதட்டினார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். தானம் வாங்குகிற மாட்டின் வயிற்றை யார் பார்க்கிறார்கள்? மத்தியானத்துக்குள் இடது விலா மேளமாக ஏறிவிட்டது. சித்தி பதறி எழுந்து கயிற்றை அவிழ்த்தாள்.

அப்போதுதான் முலுண்டிலிருந்து ரயில் மாறி, டிபன் டப்பாவோடு ஓர் அம்மா வந்தார்.

"சித்த இரும்மா. என் பிள்ளைக்கு வெச்சது. காலேஜ் போறச்சே ட்ரெயின்லேர்ந்து விழுந்துட்டான்."

"வயிறு ஊதிட்டு தாயி. நாளைக்குக் கொண்டாங்க."

"நாளைக்கு அவன் வரமாட்டானேம்மா."

அவர் சர்க்கரைப் பொங்கலை உருட்டி நீட்டினார். மாடு முகத்தைத் திருப்பியது. மறுபடி நீட்டினார், மறுபடி திருப்பியது. "என் கையால வேண்டாங்கறானே" என்று அந்த அம்மா தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சித்தி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மாட்டின் கடைவாயில் விரலைக் கொடுத்துத் திறந்து, உருண்டையை உள்ளே தள்ளினாள். டப்பா காலியாகும்வரை தள்ளினாள்.

கொட்டகைக்கு வந்து படுத்த மாடு எழவில்லை. பல்லை நறநறவென்று கடித்தது. சித்தப்பா நல்லெண்ணெயில் ஆப்பசோடாவைக் கலந்து ஊற்றினார், விலாவைப் பிசைந்தார். மறுநாள் காலையில் வந்த மாட்டு டாக்டர், "க்யா கிலாயா?" என்றார். என்ன தின்னக் கொடுத்தீர்கள் என்று அவர் கேட்டதும் சித்தப்பா சித்தியைப் பார்த்தார். கன்றையாவது எடுக்க முடியுமா என்று கேட்டதற்கு, மாதம் பற்றாது என்று தலையாட்டினார் டாக்டர். உச்சிப்பொழுதுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முனிசிபாலிட்டி வண்டி காலில் சங்கிலி மாட்டி இழுத்தபோது சித்தப்பா, "பஞ்சத்துல சாகாத சாதி, பந்தியில போயிட்டுதே" என்றார்.

அடுத்த அமாவாசைக்குச் சித்தி அதே வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்தாள். அந்த அம்மா டப்பாவோடு வந்து நின்றார்.

"மாடு எங்கேம்மா?"

"கன்னு போட்டிருக்கு தாயி. ஊருக்கு அனுப்பியாச்சு."

"என்ன கன்னு?"

"காளைக்கன்னு."

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், சிரித்தார். சித்தி அதோடு விடவில்லை. செவலை நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, தாயை விட்டு ஒரு அடி நகராது என்று அடுக்கினாள். நான் சேலையை இழுத்து, "ஏன் சித்தி பொய் சொல்லுத?" என்றேன்.

"சும்மா கெட ஏட்டி" என்று தொடையில் கிள்ளினாள்.

அந்த அம்மா ஸ்டேஷன் பக்கம் போய் மறைந்த பிறகும் சித்தி நிறுத்தவில்லை. பால் குடிக்கையில் அது வாலை எப்படி ஆட்டும் என்று பூவைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே இருந்தாள். கேட்க வேண்டியவர் போய்விட்டாரே, இனி யாருக்காகச் சொல்கிறாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.